மாரியூரில் முகம் வரைந்தோம்

கோடை விடுமுறையில் மாரியூருக்குப் போகிறோம் என்று சொன்னதும் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்கள்: "மாரியூரா? அங்கே என்ன இருக்கிறது?" இராமநாதபுரம் ஜில்லாவுக்கு யாத்திரை வருகிறவர்கள் இராமேசுவரம் போவார்கள், திருப்புல்லாணிக்கும் உத்தரகோசமங்கைக்கும் போவார்கள், ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்களும் ஏராளம். மாரியூருக்கு வழி கேட்கிறவர் அபூர்வம். நாம் அங்கே போனது ஸ்தல தரிசனத்துக்கு மட்டும் அன்று. சமுத்திர ஸ்நானத்துக்கும் அன்று. மனித முகங்களைப் பார்த்து வரைவதற்காகப் போனோம். இதைச் சொன்னபோது அவர்கள் நம்மை இன்னும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையும் வரையத்தக்க ஒரு முகபாவந்தான்; ஆனால் அச்சமயம் கையில் பென்சில் இல்லை.

நமக்குத் தொழில் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் கற்பிப்பது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நம்மைச் சித்திரம் வரைய வைத்தவர் நம்முடைய பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர். அதற்குக் காரணமாக நேர்ந்த ஒரு சம்பவத்தை நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஆறாம் வகுப்புக் குழந்தைகளை ஒருநாள், "அம்மா" படம் எழுதச் சொல்லியிருந்தார் அவர். நாற்பது குழந்தைகள் நாற்பது அம்மாக்களை எழுதினார்கள். நாற்பது அம்மாக்களும் ஒரே நிறம்! பெட்டியில் 'தோல் நிறம்' என்று பெயர் போட்டு ஒரு வர்ணப் பென்சில் இருக்கிறதே, இளஞ்சிவப்பு, அந்த நிறம். ஒரு சிறுமியிடம், "உன் அம்மா இந்த நிறமா, குழந்தாய்?" என்று கேட்டோம். "இல்லை சார், எங்க அம்மா கறுப்பு. ஆனா படத்துல இப்படித்தான் சார் போடணும்" என்றாள், நம்முடைய அறியாமைக்கு இரங்குகிறவளைப்போல. சித்திர ஆசிரியர் நம் பக்கம் திரும்பினார். "1947-இல் வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று நீர் வகுப்பிலே சொல்லிக் கொடுக்கிறீர். இந்தப் பென்சில் பெட்டிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லையே, ஐயா!" என்றார்.

அன்று சாயங்காலமே அவர் நமக்கு ஒரு தடித்த வரைபுத்தகத்தை வாங்கிக் கொடுத்து மூன்று நிபந்தனைகளும் விதித்தார். தினம் ஒரு முகம் வரைய வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை சாதனத்தை மாற்ற வேண்டும். எவ்வளவு மோசமாக வந்தாலும் ஏட்டைக் கிழிக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனைதான் மிகக் கடுமையானது. நன்றாக வந்த படம் நம்முடைய கர்வத்துக்குத் தீனி. கெட்டுப்போன படமே நமக்கு வாத்தியார் என்பது அவருடைய கட்சி. அவர் படித்தது சென்னை எழும்பூர்க் கலைக் கல்லூரியில். டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்பவர் 1850-இல் தொடங்கிய பள்ளி அது. அதற்கு 1929-இல் முதல் இந்தியத் தலைவராக வந்த தேவிபிரசாத் ராய் சௌதரிதான், சென்னைக் கடற்கரையில் பாறையைப் பெயர்த்துக்கொண்டு நிற்கிறார்களே நான்கு உழைப்பாளிகள், அந்தச் சிலையைச் செய்தவர். 1959 முதல் அவர்கள் அங்கே நிற்கிறார்கள். "உழைக்கிறவன் முகத்தை எழுதக் கற்றுக்கொண்டால் மற்ற முகங்கள் தாமே வந்துவிடும்" என்று நம் நண்பர் அடிக்கடி சொல்வார். மாரியூர்ப் பிரயாணத்துக்கு வித்தும் அதுவே. மாரியூரையும் அடுத்த வாலிநோக்கத்தையும் சேர்த்துப் பரந்து கிடக்கின்றன உப்பளங்கள்.

போகிற வழியில் இராமநாதபுரத்தில் இறங்கி இராமலிங்க விலாசத்தைப் பார்த்தோம். சேதுபதிகளின் அரண்மனையில் அது கொலு மண்டபம். சுவரும் தூணும் விதானமும் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய வர்ணச் சித்திரங்களால் நிறைந்திருக்கின்றன. முத்து விஜயரகுநாத சேதுபதி அவற்றில் பல இடங்களில் காட்சி தருகிறார். இராஜராஜேசுவரியின் முன்னே நிற்கிறார், தஞ்சை மராத்தியரோடு போர் செய்கிறார், ஐரோப்பியரை வரவேற்கிறார். ஆயினும் முகங்களை நெருங்கிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. அரசருக்கும் அவருடைய பரிவாரத்துக்கும் கண்கள் ஒரே அச்சு. அரசர் இன்னார் என்று நாம் கண்டுகொள்வது உடையினாலும் ஆபரணத்தினாலும் நிற்கிற இடத்தினாலுமே. அது அக்காலத்துச் சித்திரக்காரருடைய குறை அன்று. அவர்கள் எழுத விரும்பியது பதவியை, மூக்கை அல்ல. நம் தேசத்துக் கலையில் ஒரு மனிதனை அவனுடைய மூக்கோடும் தழும்போடும் எழுதும் வழக்கம் அருமையாகவே இருந்தது. அந்த அருமையான இடமும் பெரும்பாலும் அரசர்களுக்கே கிடைத்தது. உப்பு வாருகிறவளின் முகத்தை அரண்மனைச் சுவரில் யார் எழுதப் போகிறார்கள்?

இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சிக்கல் வழியாகச் சாயல்குடி நோக்கிப் போகும் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினோம். இரு மருங்கும் பனையும் சீமைக் கருவேலும். அங்கங்கே கரிமூட்டங்கள் புகைந்துகொண்டிருந்தன. கருவேல விறகை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, காற்றை அளந்து விட்டுப் பல நாள் வேக வைத்து எடுக்கிற கரி இந்த ஜில்லாவில் பெரிய வியாபாரம். மழை பொய்த்த சீமையில் மனிதனைக் கைவிடாமல் வளர்கிற மரம் அது ஒன்றுதான். அதுவே நிலத்தைத் தின்கிறது என்று திட்டுகிறவர்களும் அதை வெட்டித்தான் அடுப்பெரிக்கிறார்கள். நம் நண்பர் ஒரு மூட்டத்தண்டை இறங்க வேண்டும் என்று அடம் பிடித்தார். இறங்கினோம். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். ஆனால் அவர் சட்டைப்பையில் விரல் பருமனில் பத்துப் பன்னிரண்டு கரிக்குச்சிகள் சேர்ந்திருந்தன. கட்டைக் கரி கல்லைப்போலக் கடினம், தாளைக் கீறிவிடும். மூட்டத்தின் ஓரத்தில் வெந்த மெல்லிய மிலாறுகளோ பட்டுப்போலக் கறுப்பை விடுகின்றன. கடையில் சீமைக் கரிக்குச்சிக்குப் பணம் கொடுத்து வந்தது நமக்கு அப்போது வெட்கமாயிருந்தது.

மாரியூரில் முதலில் பூவேந்தியநாதரையும் பவளநிறவல்லி அம்மனையும் தரிசித்தோம். கடலுக்கு அருகே மணலில் அமைந்த பழமையான ஆலயம். திருவிளையாடற் புராணத்தில் வரும் வலை வீசிய கதை இங்கேதான் நடந்தது என்பது ஐதிகம். வேதப் பொருள் கேட்கையில் கவனம் சிதறிய அம்பிகை சாபத்தால் பரதவர் மகளாகப் பிறக்கிறாள்; நந்தி சுறாவாகிக் கடலைக் கலக்குகிறார்; பெருமான் வலைஞனாக வந்து சுறாவைப் பிடித்து அவளை மணம் புரிகிறார். சித்திரைத் திருவிழாவில் அந்த வலை வீசும் வைபவத்தைக் கடற்கரையிலேயே நடத்துகிறார்கள். நாம் போனபோது திருவிழா முடிந்து, பந்தல் கால் நட்ட குழிகள்தாம் மிச்சம். கவனம் சிதறியதற்குத் தண்டனை என்ற பகுதியைக் கேட்டதும் நம் வகுப்பின் கடைசி பெஞ்சு நினைவுக்கு வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு உப்பளம். முதல் நாள் கையில் எடுத்தது பென்சில்.

பென்சிலைப்பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்திலிருந்துதான் ஒரு காலத்தில் நல்ல காரீயகம் வந்தது. யுத்தம் மூண்டு அந்தச் சரக்கு பிரான்ஸுக்கு நின்றுபோகவே, நிக்கோலா ழாக் கான்டே என்பவர் மட்டமான காரீயகத்தைப் பொடித்துக் களிமண்ணோடு பிசைந்து சுட்டு, 1795-இல் அதற்கு உரிமையும் பெற்றார். களிமண் கூடினால் கடினம். குறைந்தால் மிருது, கறுப்பும் அதிகம். இன்று நம் குழந்தைகள் கடிக்கிற பென்சில் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. நிர்ப்பந்தத்தில் பிறந்த சுதேசிச் சரக்கு என்று சொல்லலாம்.

பென்சிலில் உள்ள நன்மை, பிழையை அழிக்கலாம் என்பது, தீமையும் அதுவே. தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுப்பாதியில் கண்கள் இருக்கின்றன என்பது முதல் பாடம். நம்புவது கஷ்டம்; நேயர்கள் கண்ணாடியின் முன் நின்று விரலால் அளந்து பார்க்கலாம். புதிதாக வரைகிறவர்கள் எல்லாரும் கண்ணை நெற்றியில் ஏற்றிவிடுவார்கள், ஏனெனில் பேசுவதும் பார்ப்பதும் முகத்தின் கீழ்ப்பாதியும் நடுவுமே அல்லவா, மேலே உள்ள மண்டையை மனசு கணக்கில் எடுப்பதில்லை. அன்று நாம் வரைந்த இளைஞர் ஒருவர் வாருபலகையால் பாத்தியில் உப்பை இழுத்துக்கொண்டே, "சார், நான் நகராம நிக்கணுமா?" என்று கேட்டார். "வேண்டாம், உங்கள் வேலையைச் செய்யுங்கள்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, இருபது தடவை அழித்தோம். தாள் நைந்துபோயிற்று. படத்தில் இளைஞர் இல்லை. அழித்த இடம்தான் இருந்தது.

இரண்டாம் நாள் பேனாவும் மையும். அழிக்க முடியாது என்ற பயத்தில் கண் கூர்மை பெறுகிறது. முந்தின நாள் அரைமணியில் பார்க்காததை ஐந்து நிமிஷத்தில் பார்த்தோம். ஆனால் கடற்காற்றில் தாள் நமத்துப் போயிருந்தது. மை ஊறி, மீசை கன்னம் வரையில் படர்ந்தது. மீசைக்குச் சொந்தக்காரருக்குப் படம் பரம திருப்தி!

மூன்றாம் நாள் நீர்வர்ணம். இங்கே குடிதண்ணீர் அருமையானது. பெண்கள் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு வெகுதூரம் போய் வருவதைப் பார்த்த பிறகு, தூரிகை கழுவ ஒரு குவளை நல்ல தண்ணீர் கேட்க வாய் வரவில்லை. பாத்தியிலிருந்த உப்பு நீரிலேயே தூரிகையை நனைத்தோம். மாநிறத்துக்குக் காவியும் நீலமும் கலந்து ஒரு பெண்மணியின் முகத்தை எழுதி வெயிலில் வைத்தால், காய்ந்ததும் கன்னமெல்லாம் உப்புப் பூத்துவிட்டது. நக்ஷத்திரம் தெளித்ததுபோல வெள்ளைப் பொரிகள். அசட்டுக் காரியம் செய்தோம் என்று நாம் விழித்தபோது அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்: "வேர்வை காஞ்ச மாதிரியே இருக்கு சார்." நிமிர்ந்து பார்த்தோம். அவள் நெற்றியோரத்திலும் கழுத்திலும் வெள்ளைக்கோடாக உப்பு இருந்தது. மூன்று நாளாக அதை நாம் பார்க்கவில்லை.

உப்பையும் சித்திரத்தையும் சேர்த்து நினைத்தால் 1930 நினைவுக்கு வராமல் இராது. காந்தியடிகள் தண்டிக்கு நடந்த அந்த வருஷத்தில், சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ் ஒரு லினோலியத் துண்டைச் செதுக்கி அச்சடித்தார். கறுப்பு வெளியில் வெள்ளைக் கோடுகள்; கையில் கோல்; நடக்கும் கிழவர். இந்தியா முழுதும் அந்த உருவத்தை அறியும். அதே வருஷம் ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்களோடு நடந்தார். அவர்கள் வழியெல்லாம் பாடிச் சென்ற பாட்டை இயற்றிய நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை, கவிஞராவதற்கு முன்பு ஜீவனத்துக்குச் செய்த தொழில் என்ன தெரியுமா? மனிதர்களின் உருவப்படம் எழுதுவது! பிறகு 1938-இல் ஹரிபுரா காங்கிரஸுக்காகக் காந்தியடிகள் கேட்டுக்கொண்டபடி நந்தலால் எழுதிய படங்களிலும் தலைவர்கள் இல்லை. மேளம் அடிக்கிறவனும் குயவனும் உழவனுமே இருந்தார்கள். உப்பைப்பற்றி அவ்வளவு பேசிய தேசம் உப்பை வாருகிறவரின் முகத்தை எவ்வளவு பார்த்திருக்கிறது என்று அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்து யோசித்தோம். நிழல் என்பது பேருக்குத்தான். உப்பளத்தில் நிழல் கிடையாது. அந்த விஷயம் நமக்கு நான்காம் நாள்தான் புரிந்தது.

நான்காம் நாள் கரி. பள்ளிக் குழந்தைகள் நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளை அளவாக வெட்டி, வரைபுத்தகத்தோடு தைத்துக் கொண்டுபோயிருந்தோம். வெள்ளைத் தாளில் கறுப்புப் பென்சிலால் மாநிற முகத்தை எழுதினால், நிறத்தைக் காட்ட முகம் முழுதும் அப்ப வேண்டும். பார்க்க அழுக்குப் படிந்ததுபோல ஆகிவிடும். பழுப்புத் தாளிலோ தாளே தோல். இருளுக்குக் கரி, ஒளிக்கு வகுப்பிலிருந்து எடுத்துவந்த சாக்பீஸ். நம்முடைய ஜனங்களுக்கென்றே அமைந்த தாள் அது. 'தோல் நிறம்' பென்சில் செய்தவருக்கு ஒரு கட்டு அனுப்பி வைக்கலாம்.

தட்டுமேட்டில் ஒரு மூதாட்டி உட்கார்ந்து காலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். சிறு வயது முதல் உப்பளம். இப்போது கூடை தூக்க முடியவில்லை. கூட்டிப் பெருக்குகிற சில்லறை வேலை செய்கிறார். "ஆத்தா, உங்களை வரையட்டுமா?" என்று கேட்டோம்.

"என்னையவா? எதுக்கு ஐயா?"

"சும்மா, பழகுவதற்கு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆதார் கார்டுல ஒரு படம் இருக்கு. அதைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. நாளைக்கு நான் போயிட்டா அதைத்தான் பெருசாக்கி வைப்பாங்க. நீங்க நல்லா வரைஞ்சா அதை வைக்கச் சொல்லிர்றேன்" என்றார்.

பழக்கத்துக்கு வரைய வந்தவனிடம் இப்படி ஒரு பொறுப்பைத் தூக்கிக் கொடுத்தால் கை என்ன ஆகும்? முக்கால் மணி நேரம் வரைந்தோம். சித்திர ஆசிரியர் கற்பித்தபடியே எல்லாம் செய்தோம். புருவத்துக்குக் கீழே இருள், மூக்கின் அடியில் இருள், மோவாய்க்குக் கீழே கனத்த இருள். மேலிருந்து வெயில் அடித்தால் அப்படித்தானே இருக்க வேண்டும்? முடித்த பிறகுதான் தெரிந்தது. உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் அடிக்கவில்லை. தரை முழுவதும் வெள்ளை; அடித்த வெயில் கீழிருந்து திரும்பி முகத்துக்குள் ஏறுகிறது. புருவத்தின் அடியிலும் மோவாயின் அடியிலும் ஒளிதான். அந்தக் கூச்சத்துக்காகவே ஆயுள் முழுதும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, கடைக்கண்ணில் விசிறிபோல மடிப்புகள். நாம் எதிரே இருந்த முகத்தை எழுதவில்லை. பாடத்தில் படித்த முகத்தை எழுதியிருந்தோம். இல்லாத இருளையெல்லாம் அப்பியதில் ஆத்தாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது கூடிப்போயிருந்தது. பெட்டியைப் பார்த்து வர்ணம் பூசிய அந்தச் சிறுமிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

காட்டத் தயங்கினோம். அவர் தாமே வாங்கிப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"இது நானில்லை" என்றார்.

"மன்னிக்க வேண்டும், ஆத்தா. வேறொன்று—"

"எங்க ஆத்தா இது. கடைசிக் காலத்துல இப்படித்தான் இருந்துச்சு. கண்ணுக்குக் கீழ இப்படியே கறுத்துப்போய்... எங்க ஆத்தாவுக்குப் படமே கிடையாது ஐயா. அந்தக் காலத்துல யாரு படம் பிடிச்சா? செத்து அம்பது வருஷம் ஆச்சு. இதைக் குடுப்பீங்களா?"

நாம் சித்திர ஆசிரியரைப் பார்த்தோம். இரண்டு வருஷங்களில் நானூறுக்கு மேற்பட்ட ஏடுகள், ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை. நிபந்தனை விதித்த மனிதரோ, கடலில் அதிசயமாக ஏதோ தெரிவதைப்போல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கிழித்தோம்.

கரிச் சித்திரத்தில் ஒரு தொல்லை உண்டு. விரல் பட்டால் போயிற்று, ஊதினால்கூடப் போய்விடும். பட்டணத்தில் அதற்கென்று தெளிக்கும் மருந்து விற்கிறது. முன்காலத்தில் ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் ஆடை நீக்கிய பாலைத் தெளித்துக் கரியைத் தாளோடு ஒட்ட வைத்தார்கள். சித்திர ஆசிரியர் திடீரென்று உற்சாகம் கொண்டு எழுந்து நடந்தார். டீக்கடையில் கால் டம்ளர் பால் வாங்கி ஆடையை எடுத்துத் தண்ணீர் கலந்தார். முடிதிருத்தும் கடைக்காரரிடம் தலைக்கு நீர் தெளிக்கும் குப்பியை இரவல் கேட்டு வாங்கினார். அவர், "பாலா? என் குப்பி நாறிப்போகும் சார்" என்று ஆட்சேபித்துவிட்டு, விஷயத்தைக் கேட்டதும் தாமே பிடித்துத் தெளித்தார். ஒரு முழத் தூரத்திலிருந்து பனிபோல விழ வேண்டும்; சொட்டு விழுந்தால் கறையாகும். அந்தக் கைக்கு அது பழக்கம். மூன்று தரம் தெளித்து மூன்று தரம் காய வைத்தோம். சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தபோது கரி வரவில்லை.

சாயங்காலம் சாயல்குடி போகும் வண்டிக்கு நாம் நின்றபோது ஆத்தா படத்தை முந்தானையில் பொதிந்து வைத்துக்கொண்டு வழியனுப்ப வந்தார்.

"பால் தெளிச்சதா சொல்றாக. எறும்பு மொய்க்காதா ஐயா?"

"மொய்க்காது. அப்படிப் பயமாக இருந்தால் சுவரில் நல்ல உயரமாக ஆணி அடித்து மாட்டச் சொல்லுங்கள்" என்றோம்.

கூடை சுமந்து கூனிப்போன முதுகோடு அவர் நம்மை அண்ணாந்து பார்த்தார். "உயரத்துல மாட்டினா நான் எப்படி ஐயா பாக்குறது? எறும்பு வந்தா வந்துட்டுப் போகுது" என்றார்.